சேலத்துப் படப்பாட்டில் ஜாஸ்

சேலத்தில் ஏது ஜாஸ் என்று சிரிப்பவர்களை ஏற்காடு சாலைக்கு அழைத்துப் போய், தனித்து நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டலாம். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் அறுபதுகளின் படங்களில் ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965), ‘இரு வல்லவர்கள்’ (1966), ‘வல்லவன் ஒருவன்’ (1966) மூன்றுக்கும் இசை வேதா. துப்பாக்கி, மாறுவேடம், இரவு விடுதி என்று போகும் கதைகள். விடுதி வந்தால் சாக்ஸபோனும் வரத்தானே வேண்டும்!

வேதாவை ‘இந்தி மெட்டுக்காரர்’ என்று ஒதுக்கிவிடுவது இங்கே வழக்கம். பல மெட்டுகளை அங்கிருந்து எடுத்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் ஜாஸ்காரர்களின் தராசில் அது குற்றமே ஆகாது. ‘பாடி அண்ட் சோல்’ ஊரறிந்த காதல் பாட்டு. 1939இல் கோல்மன் ஹாக்கின்ஸ் அதன் மெட்டைத் தொடக்கத்தில் கொஞ்சம் தொட்டுக் காட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் தன் கற்பனையால் நிரப்பினார். ஜான் கோல்ட்ரேன் 1961இல் வெளியிட்ட ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ நாடக மேடைப் பாட்டிலிருந்து வந்தது. மெட்டு யாருடையது என்று அங்கே கேட்பதில்லை. எடுத்துக்கொண்டு என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. ஒரே கீர்த்தனையில் நாலு வித்வான்களின் நிரவலை ஒப்பிட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதும் அல்ல.

அந்தத் தராசில் வேதாவுக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். மூன்று, நான்கு நிமிட சினிமாப் பாட்டில் வாத்தியக்காரர் மனோதர்மத்துக்கு இடமில்லை. எல்லாம் எழுதிவைத்து வாசித்தது. மீதிப் பாதியை எல்.ஆர்.ஈஸ்வரி சம்பாதித்துவிடுகிறார். ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் அவர் பாடிய மாளிகைப் பாட்டைக் கேளுங்கள். தாளத்துக்குச் சற்றுப் பின்னே தயங்கி நின்று, பிறகு வந்து சேரும் அந்தக் குரலுக்கு எந்த இந்தி மெட்டும் சொந்தம் கொண்டாட முடியாது.

வேதா மெட்டெடுத்த பம்பாய் சினிமாவுக்குள் ஜாஸ் நுழைந்தது பெரும்பாலும் கோவா வாத்தியக்காரர்களின் கையில்தான். ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தவர்கள் பகலில் சினிமா ஒலிப்பதிவுக்குப் போனார்கள். சங்கர் ஜெய்கிஷனின் ‘ராகா ஜாஸ் ஸ்டைல்’ (1968) அவர்கள் வளர்த்த பள்ளியின் பேர்சொல்லும் தட்டு. ரயீஸ்கானின் சிதாரும் மனோகாரி சிங்கின் சாக்ஸபோனும் ராகங்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ராகம் கொஞ்சம் அவசரப்படுகிறது என்பது என் குறை. ஆனாலும் விடமுடியாத தட்டு.

திருச்செங்கோட்டுக் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் கேட்டு வளர்ந்த காதுக்கு இவை எல்லாவற்றையும்விட ஹைலைஃப் எளிதில் ஒட்டும். கானா நாட்டுக் கடற்கரையில், வெள்ளைக்காரப் பட்டாளம் கொண்டுவந்த பித்தளை வாத்தியங்களும் மாலுமிகளின் கிதாரும் உள்ளூர்த் தாளத்தோடு கலந்து பிறந்த இசை அது. அதன் மன்னர் ஈ.டி.மென்சாவுக்குப் படிப்பால் மருந்தாளுநர் தொழில். 1956இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ரா வந்தபோது அவரோடு சேர்ந்து வாசித்தவர் மென்சா. பிந்திய தலைமுறையில் எபோ டெய்லரின் ‘லவ் அண்ட் டெத்’ (2010) தொடங்குவதற்கு நல்ல இடம். கிதார் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, டிரம்பெட்டுகள் கூட்டமாக வந்து மோதிவிட்டுப் போகும். நாமக்கல் லாரியில் இராப்பயணத்துக்குப் போட்டால் ஓட்டுநர் தூங்கமாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜாஸில் நம்மவர்கள் பங்கு பிற்பாடு பெரிதாயிற்று. எழுபதுகளின் ‘சக்தி’ குழுவில் விக்கு விநாயக்ராமின் கடம். அதே குழுவின் ‘திஸ் மொமெண்ட்’ (2023) தட்டில் அவர் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா. அந்தத் தட்டு 2024இல் கிராமி விருது பெற்றது. விருது பெறாத ‘கின்ஸ்மென்’ (2008) எனக்கு அதைவிட ஒரு படி மேல். கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பாவும் ஆளுக்கொரு சாக்ஸபோனோடு எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கமகத்தை இழைக்கிறார். மற்றவர் அதைத் துண்டு துண்டாக நறுக்கித் திருப்பித் தருகிறார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.