பொது நிலமும் வீட்டுக் கணக்கும்

பயன்பாடு குறைந்த அரசு நிலங்களில் 2031-க்குள் 2,50,000 வீடுகளுக்கு வழி செய்வதாகக் கனடாவின் மத்திய அரசு 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. அந்த ஆகஸ்டிலேயே 56 சொத்துகளை, ஏறக்குறைய 305 ஹெக்டேரை, பட்டியல் போட்டுப் பொது நில வங்கியும் தொடங்கியது. பட்டியல் போடுவதில் அரசுகள் என்றுமே சுறுசுறுப்புதான்.

கணக்கைச் சரிபார்த்தவர் தலைமைத் தணிக்கையாளர். உபரி அரசு நிலத்தை வீடாக்கும் பழைய திட்டம் ஒன்றுக்கு 2027–28க்குள் 4,000 வீடுகள் இலக்கு. அத்தனைக்கும் ஒப்பந்தம் போடும் வேகம் திட்டத்துக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கெடுவுக்குள் குடியேறத் தயாராக இருக்கப்போகிறவை பாதிகூட இல்லை என்கிறது 2025 ஜூன் அறிக்கை. மக்களின் வீடு வாங்கும் இயலுமையை 2019 நிலைக்கு மீட்க, 2035 வரை ஆண்டுதோறும் 4,30,000 வீடுகளாவது எழும்ப வேண்டும் என்று மதிப்பிட்டது அரசின் வீட்டுவசதி நிறுவனமே. அதன் பக்கத்தில் வைத்தால் 4,000 கண்ணிலேயே படாது.

இன்னும் பலவீனமானது, அரசு அலுவலகக் கட்டடங்களை வீடாக்குவதை நம்பும் பகுதி. அரசு தன் அலுவலக இடத்தில் பாதியை 2034-க்குள் விட்டுவிட வேண்டும். 2019 முதல் 2024 வரை விட்டது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பணம் போதவில்லை, துறைகளுக்கும் இடத்தைக் காலி செய்ய மனமில்லை. வீட்டிலிருந்தே வேலை பெருகி நாற்காலிகள் காலியான ஆண்டுகளில் நடந்தது இது! காலி செய்தாலும் எல்லாக் கட்டடமும் வீடாகாது. அகன்ற தளத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது. தண்ணீர்க் குழாய்கள் மையத்தில் மட்டும் ஏறியிருக்கும்.

எல்லாத் தாமதத்தையும் சோம்பல் என்று தள்ளிவிடவும் கூடாது. ஒட்டாவாவின் ராக்கிளிஃப் விமானப்படைத் தளம் 1994-இல் மூடப்பட்டது. அரசின் நில மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்கு அது வந்தது 2011-இல். இடையில் நின்றது அல்கான்குயின் பழங்குடியினரின் நில உரிமை. அதைத் தீர்க்காமல் கட்டியிருந்தால் வேகம் கிடைத்திருக்கும், நியாயம் கிடைத்திருக்காது.

2024 திட்டத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: இயன்றவரை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது. பழைய திட்டத்தில் மலிவாகவோ இலவசமாகவோ நிலம் பெற்றவர்கள் 25 ஆண்டுகள் வாடகையைக் கட்டுக்குள் வைத்தால் போதும். பிறகு நிலமும் போச்சு, மலிவு வாடகையும் போச்சு. குத்தகையில் நிலம் மக்களிடமே இருக்கிறது. அடுத்த தலைமுறை நிபந்தனையை மாற்றி எழுதலாம். வருவாய் மெதுவாகத்தான் வரும். அது கொடுக்கத்தக்க விலை.

ஆகவே குத்தகைக் கொள்கைக்கு என் ஆதரவு உண்டு. 2,50,000 என்ற எண்ணுக்கு இல்லை. அலுவலகக் கட்டடங்களை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். 2025 செப்டம்பரில் 1,300 கோடி டாலருடன் தொடங்கிய புதிய வீட்டுவசதி அமைப்பு, ஆறு இடங்களில் 4,000 வீடுகளைத் தொழிற்சாலையில் தயாரித்து நிறுத்தப் போவதாகச் சொல்கிறது. அதையும் ஒப்பந்தங்களை எண்ணி அளக்கக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை குடும்பங்கள் குடியேறின, என்ன வாடகைக்கு என்பதைத்தான் கேட்க வேண்டும்.