பூட்டிலாச் சிறை

கதவிலே பூட்டில்லை, வாயிலிலே காவலில்லை. ஆயினும் உள்ளிருப்பவன் வெளியேறவில்லை. ஏன்? சிறை, மாளிகையிலே இல்லை. அவன் மனத்திலே இருக்கிறது!

ஆங்கில எழுத்தாளர் கசுவோ இஷிகுரோ, 1989-இல் வெளியிட்ட 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' எனும் புதினம் காட்டும் மனிதன் இவன். அவ்வாண்டே புக்கர் பரிசு பெற்ற அந்நூலை, 1993-இல் ஜேம்ஸ் ஐவரி திரை ஓவியமாக்கினார். நூலின் உயிர் திரையிலே நிலைத்ததா? அதுவே நம் கேள்வி.

டார்லிங்டன் பிரபுவின் மாளிகையிலே பட்லர், ஸ்டீவன்ஸ். பிரபுவோ நாஜி ஜெர்மனியின் நேசத்தை நாடுபவர். யூதப் பணிப்பெண்கள் இருவரை விலக்கச் சொல்கிறார். மிஸ் கென்டன் வெகுண்டெழுகிறாள். ஸ்டீவன்சோ, உள்ளம் ஒப்பாததையும் கடமையின் பெயரால் செய்து முடிக்கிறான்!

இக்கட்டத்தைப் படம் மேலும் கூர்மையாக்கியது. படத்திலே அப்பெண்கள் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகள். போவது வேலை மட்டுமா? உயிரும் போகக்கூடும்! திரைக்கதை தீட்டிய ரூத் பிராவர் ஜாப்வாலா, 1939-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதக் குடும்பத்திலே பிறந்தவர் என்பதை இங்கே நினைவிற் கொள்வோம்.

இன்னொரு காட்சி. விருந்தினர் ஒருவர், பொருளாதாரம் பற்றி ஸ்டீவன்சிடம் வினா தொடுக்கிறார். விடை கூற இயலாதென்று பணிகிறான் அவன். இத்தகையோருக்கு ஆட்சியிலே குரல் எதற்கு என்று எள்ளி நகையாடுகிறது சீமான்களின் கூட்டம்! நூலிலும் படத்திலும் நெஞ்சைச் சுடும் இடம் இது.

பின், படம் எங்கே வழுக்கிற்று? நூலிலே கதை சொல்பவன் ஸ்டீவன்சே. தன்னைத்தானே ஏய்த்துக்கொள்ளும் அவன் சொல்லிலே நாமும் மயங்குகிறோம், பிறகே விழிக்கிறோம். காமிராவோ அவனை வெளியே நின்று காட்டுகிறது. அந்தோனி ஹாப்கின்ஸின் அரிய நடிப்பால் இரக்கம் பிறக்கிறது. நாமும் இவன்தானோ எனும் ஐயம் பிறக்கவில்லை.

நூலின் முடிவிலே, கடற்பாலத்தில், முன்பின் அறியாத ஒருவரிடம் ஸ்டீவன்ஸ் கண்ணீர் உகுக்கிறான். பிரபு தவறினார், எனினும் அது அவரே தேர்ந்த வழி. தானோ, தவறைக்கூடத் தானாகத் தேர்ந்தவனல்லன்! திரைக்கு வந்த படத்திலே அக்கண்ணீர் இல்லை. தன் பிழையைத் திருத்தவே பயணம் போவதாக ஒரு மருத்துவரிடம் சொல்கிறான். எந்தப் பிழை? கென்டனின் காதலை ஏற்காத பிழை!

காதலை இழந்தவன் கதையென்றால், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பலாம். சிந்தனையை எசமானிடம் அடகு வைத்தவன் கதையல்லவா இது! தோழர்களே, படத்தைப் பாருங்கள். அதனோடு நில்லாது, நூலையும் படியுங்கள். அவனுக்காக அழுவது எளிது. நம் சிந்தனை யாரிடம் அடகில் இருக்கிறது என்று கேட்பதன்றோ கடினம்!