முதல் ஆள் நீதானா என்று கேட்கும் வரி

என்னைக் கேட்டால், எக்ஸ்எம்எல் கோப்புகளை மாற்றியமைக்கும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் எழுதப்பட்ட வரிகளிலேயே அழகானது ஸ்டீவ் மியூன்ச் கண்டுபிடித்த வரிதான். ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எக்ஸ்எம்எல் உலகில் அந்த உத்திக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. இரட்டைப் பதிவுகளை நீக்குவதுதான் அதன் வேலை. ஆனால் அது எதையும் நீக்குவதில்லை. அங்கேதான் அதன் அழகு தொடங்குகிறது.

நாலைந்து நூலகங்கள் தங்கள் அட்டவணைகளை எக்ஸ்எம்எல் கோப்புகளாகத் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு புத்தகம் எத்தனை கோப்பில் இருந்தாலும் முடிவில் ஒருமுறைதான் வர வேண்டும். வேறு மொழியில் எழுதுபவர் ஒரு பட்டியலைத் திறந்து, பார்த்த எண்ணையெல்லாம் அதில் குறித்துக்கொண்டே போவார். மறுபடி அதே எண் வந்தால் தாண்டிவிடுவார். எக்ஸ்எஸ்எல்டியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1999 நவம்பரில் ஜேம்ஸ் கிளார்க்கின் தொகுப்பில் வந்த முதல் பதிப்பிலேயே, மாறிக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தால் பிறகு அதை மாற்ற முடியாது என்பது அடிப்படை விதி. ஸ்கீம் மொழியின் சாயல் கொண்ட டிஎஸ்எஸ்எஸ்எல் என்ற முன்னோடியின் வழியில் வந்த மொழி அது. ‘இதுவரை பார்த்தவை’ என்று எதையும் அதனால் சேர்த்து வைக்க முடியாது.

அப்படியென்றால் ஒவ்வொரு பதிவும் தனக்கு முன்னால் வந்த பதிவுகளைத் திரும்பிப் பார்த்து, தன்னைப் போல் ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். விடை சரியாகத்தான் வரும். ஆனால் பத்தாயிரம் வெவ்வேறு பதிவுகள் இருந்தால் ஒப்பீடுகள் ஐந்து கோடியை ஒட்டிப் போகும். கோப்பு இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும்.

மியூன்ச் இதைத் திருப்பிப் போட்டார். ஸ்டைல்ஷீட் எனப்படும் எக்ஸ்எஸ்எல்டி நிரலின் தலைப்பகுதியில் ‘கீ’ என்ற அறிவிப்பு: எல்லாப் பதிவுகளையும் அவற்றின் ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண் வாரியாக அடுக்கி வை. நூலகத்தின் நூற்பட்டியல் அட்டைப் பெட்டியைப் போல இந்த அடுக்கு ஒருமுறைதான் தயாராகிறது. பிறகு எந்த எண்ணைக் கேட்டாலும் அந்த எண்ணுள்ள பதிவுகள் எல்லாம் கோப்பில் இருக்கும் வரிசையிலேயே கைக்கு வந்துவிடும். இப்போது ஒவ்வொரு பதிவிடமும் ஒரே கேள்வி: உன் எண்ணுக்குரிய கூட்டத்தில் முதல் ஆள் நீதானா?

கேள்வி எளிது, கேட்பதுதான் சிக்கல். சமக்குறி போட்டுக் கேட்டால், எக்ஸ்எஸ்எல்டிக்குள் இயங்கும் எக்ஸ்பாத் மொழி உள்ளிருக்கும் எழுத்துகளைத்தான் ஒப்பிடும். அச்சு மாறாத இரண்டு நகல்களும் ‘ஆம், நான்தான்’ என்று கை தூக்கிவிடும். இங்கே ஜெனரேட்-ஐடி என்ற சிறு செயல்கூறை மியூன்ச் எடுத்தார். கோப்பின் ஒவ்வொரு உறுப்புக்கும், அதாவது நோடுக்கும், வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளத்தை அது தருகிறது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் இருக்கும் இடம் வேறு, ஆகவே அடையாளமும் வேறு. தன் அடையாளமும் முதல் ஆளின் அடையாளமும் ஒன்றாக இருக்கும் பதிவு மட்டும் முன்னே வருகிறது. மற்றவற்றை யாரும் அழிப்பதில்லை. அவை அழைக்கப்படவில்லை, அவ்வளவுதான். இதே கேள்வியை வேறு விதமாகவும் கேட்பார்கள்: என்னையும் முதல் ஆளையும் சேர்த்து எண்ணினால் ஒன்று வருகிறதா? ஒரே நோடை இரண்டு முறை எண்ணாத கூட்டுக்குறியின் குணத்தைப் பயன்படுத்தும் வடிவம் அது. அதில் சாமர்த்தியம் கூடுதல். எனக்குப் பிடித்தது ஜெனரேட்-ஐடி வடிவம்தான். படித்தவுடனே என்ன கேட்கிறது என்று புரிந்துவிடுகிறது.

இத்தனை அழகும் ஒரு கோப்புக்குள்தான். டாக்குமெண்ட் செயல்கூறால் பல கோப்புகளைத் திறந்தால், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி அடுக்கு உண்டாகிறது. மூன்றாம் கோப்பில் இருக்கும் பதிவு ‘முதல் ஆள் நான்தானா’ என்று கேட்டால், ‘ஆம்’ என்று தன் கோப்பிலிருந்து பதில் வரும். பக்கத்துக் கோப்பில் இருப்பவர் அதன் கண்ணில் படமாட்டார். ஒரு பிழைச்செய்தியும் வராது. கோப்புக்குள் இருந்த நகல்கள் போயிருக்கும். கோப்புக்குக் கோப்பு திரும்பியவை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மரபான தீர்வு இரண்டு நடை. முதல் நடையில் எல்லாப் பதிவுகளையும் ஒரு மாறிக்குள் நகலெடுத்துக் கொட்டுகிறோம். 1.0 பதிப்பில் அந்தக் குவியலுக்குள் வழி பிடித்துப் போக முடியாது. நோட்-செட் என்ற நீட்டிப்புதான் கதவைத் திறக்கும். ஆளுக்கொரு பெயரில் கிடந்த அதை எக்ஸ்எஸ்எல்டி நீட்டிப்புகளுக்கான இஎக்ஸ்எஸ்எல்டி என்ற கூட்டு முயற்சி பொதுவாக்கியது. பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்: அந்தக் குவியலின் மேல் ஒரு ஃபார்-ஈச். ஒரே ஒரு பொருளுக்காக ஓடும் சுற்று. புதிதாகப் படிப்பவருக்கு வீண் வேலையாகத் தோன்றும். சுற்றுவது அதன் நோக்கமே இல்லை; இருக்கும் இடத்தை மாற்றிக்கொள்வதற்காக அது எழுதப்படுகிறது. உள்ளே கால் வைத்ததும் ‘கீ’ பார்க்கும் உலகம் மாறுகிறது, எல்லாக் கோப்பும் ஒரே கோப்பாகிறது, மியூன்ச்சின் கேள்வி மறுபடி உண்மையான பதிலைத் தருகிறது. நகலெடுக்கும்போதே ஒவ்வொரு பதிவிலும் எந்த நூலகத்திலிருந்து வந்தது என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுவது நல்ல கைக்கு அழகு. நம்பகமான கோப்பை முதலில் கொட்டுவதும் அப்படியே. முதலில் இருப்பவர்தானே பிழைக்கிறார்!

2007 ஜனவரியில் மைக்கேல் கேயின் தொகுப்பில் 2.0 வந்தது. ஃபார்-ஈச்-குரூப் என்ற ஒரே கட்டளை, கோப்பு எல்லைகளைப் பார்க்காமல் எல்லாப் பதிவுகளையும் எண்வாரியாகக் கூட்டம் கூட்டிவிடுகிறது. மியூன்ச்சின் வரி அங்கே தேவைப்படுவதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. முதல் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விட்டுவிட வேண்டியதில்லை: கூட்டம் முழுவதும் கையில் இருப்பதால் ஒன்றிலிருந்து தலைப்பையும் இன்னொன்றிலிருந்து பொருள் குறிப்பையும் எடுத்துக் கோக்கலாம். ஒரு கவனம் மட்டும் வேண்டும். வெவ்வேறு கோப்புகளின் நோடுகளில் எது முன், எது பின் என்பதை மென்பொருளே முடிவு செய்யலாம் என்று விதி விட்டுவைத்திருக்கிறது. ஆகவே யார் முதல் என்பது முக்கியமென்றால் நாமே வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். 2017இல் வந்த 3.0, முன்பே வரிசையாக இருக்கும் பெரிய கோப்புகளை இணையாக ஓட்டிச் சேர்க்க மெர்ஜ் என்ற தனிக் கட்டளையையே தந்தது.

எல்லாம் இருந்தும், எது எதற்கு நகல் என்பதை மென்பொருள் சொல்லாது. பழைய தமிழ்ப் பதிப்புகளுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது; தலைப்பைத்தான் நம்ப வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு கோப்புகளில் வருகிறது. ஒன்றில் ‘பொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாக இருக்கும், இன்னொன்றில் கொம்பு தனி, கால் தனி. திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் இரண்டு புத்தகம். யூனிகோடு இவ்விரண்டையும் சமமாகவே மதிக்கிறது, 2.0இல் உள்ள நார்மலைஸ்-யூனிகோட் செயல்கூறை ‘கீ’க்குள்ளேயே வைத்தால் ஒன்றாகிவிடும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்து வைத்திருந்தால் அதுவும் உதவாது. ‘ஸ்ரீ’யில் ‘ஸ’வும் வரலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வும் வரலாம். இவற்றுக்கெல்லாம் கையால் மாற்று விதி எழுத வேண்டும். அந்த விதிகளைத் தமிழ் படித்த கைதான் எழுத முடியும்.

இறுக்கமான ‘கீ’ நகல்களை விட்டுவைக்கும். தளர்ந்த ‘கீ’ செய்யும் சேதம் அதைவிடப் பெரிது. தலைப்பையும் ஆசிரியரையும் மட்டும் சேர்த்து ‘கீ’ அமைத்தால், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகங்களும் ஒரே பதிவாகிவிடும். பாக எண்ணைச் சேர்க்க வேண்டும், சேர்க்கும்போது நடுவில் ஒரு பிரிப்புக்குறியும் வேண்டும்: பாகம் 1, பதிப்பு 12 என்பதும் பாகம் 11, பதிப்பு 2 என்பதும் ஒட்டினால் 112தான். அதனால் நான் மதிக்கும் ஸ்டைல்ஷீட்டுகள் எல்லாம் இரண்டு கோப்புகளை வெளியிடுகின்றன. ஒன்றில் சேர்த்த பட்டியல், மற்றொன்றில் அழைக்கப்படாதவை, ஒவ்வொன்றும் யாருக்காக விடப்பட்டது என்ற குறிப்புடன். 2.0இல் ரிசல்ட்-டாக்குமெண்ட் என்ற கட்டளை போதும். அந்த இரண்டாம் கோப்பில் ‘சுழற்காற்று’, ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’, ‘தியாக சிகரம்’ நான்கும் ‘புது வெள்ள’த்தின் நகல்களாக வரிசையில் நின்றால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.