பழைய லைக்கா

திருவண்ணாமலையில் எந்தக் கடைவீதியில் நுழைந்தாலும் ரமண மகரிஷியின் முகம் நம்மைப் பார்க்கிறது. மார்பளவுப் படம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, நரைத்த தாடி, யாரையும் விலக்காத பார்வை. 1940-களில் வெல்லிங் என்ற படக்காரர் எடுத்தது. அதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள், 'எந்தக் காமிராவில் எடுத்தது?' என்று கேட்பதில்லை. படம் சரியாக அமைந்துவிட்டால் காமிரா மறைந்துபோகிறது. நல்ல கதையைப் படிக்கிறவன் ஆசிரியரின் பேனாவை விசாரிக்காத மாதிரிதான் இதுவும்.

ஆனால் அதே ஊரில், அதே மகரிஷியை எடுத்த வேறு சில படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் காமிராவின் பெயர் முதலில் வந்துவிடுகிறது. 1950 ஏப்ரலில் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன், 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தியடிகளைச் சந்தித்துவிட்டு வந்த சிறிது நேரத்தில் அவர் சுடப்பட்ட செய்தியைக் கேட்டவர். இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டியவர். ரமணருடைய கடைசி நாட்களையும் அவர் படமெடுத்தார். அவர் கையில் இருந்தது லைக்கா. அன்று முதல் இன்று வரை 'பிரெஸ்ஸோன்' என்றால் 'லைக்கா', 'லைக்கா' என்றால் 'பிரெஸ்ஸோன்' என்று ஒரு ஜோடிப் பொருத்தம் நிலைத்துவிட்டது.

இந்தப் பொருத்தத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான் என் முன்னால் வந்திருக்கும் கேள்வி. திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மலையைச் சுற்றிக் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பப் போகிறாராம். அவரிடம் லைக்கா எம்-3 காமிரா ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸோடு இருக்கிறது. விலை 1,70,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டால் நாலு வருஷம் சம்பளத்தில் பிடிப்பார்கள். "நீங்கள் சொன்னால் வாங்குகிறேன், சார்" என்று முடித்திருக்கிறார். கதை எழுதுகிறவனிடம் காமிரா யோசனை கேட்பது சற்று விசித்திரந்தான். ஆனால் அவர் எடுத்த படங்களைப் பத்து வருஷமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்குப் பேசக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதலில் வஸ்துவின் குணத்தைச் சொல்லிவிடுவது நியாயம். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் என்ற நிபுணர் சினிமாப் பிலிமைக் கொண்டு சட்டைப்பையில் அடங்கும் காமிரா ஒன்றை வகுத்தார். 1925-ல் அது விற்பனைக்கு வந்தது. 1932-ல் வந்த மாதிரியில் ரேஞ்ச்பைண்டர் லென்ஸோடு இணைக்கப்பட்டது. அதன் தத்துவம் எளிது. ஜன்னல் வழியே பார்த்தால் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகினால் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் குறி சரி. மங்கலான வெளிச்சத்திலும் இந்த வேலை நடக்கும். உள்ளே கண்ணாடி தூக்கி விழுவதில்லையாகையால் சத்தம் குறைவு. கோயில் மண்டபத்திலோ தியானக் கூடத்திலோ இதன் அருமை தெரியும். 1954-ல் வந்த எம்-3-ல் பார்க்கும் ஜன்னலும் குறி பார்க்கும் ஜன்னலும் ஒன்றாயின; படத்துக்குள் அடங்கும் பகுதி ஒளிக்கோட்டால் கட்டம் கட்டித் தெரியும்; கட்டத்துக்கு வெளியே யார் வருகிறார், யார் போகிறார் என்பதும் தெரியும். இயந்திரம் என்ற வகையில் அற்புதமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். எம்-3-க்குள் வெளிச்சம் அளக்கும் கருவி கிடையாது. லென்ஸ் மூடியை எடுக்க மறந்தால் ஜன்னலில் தெரியாது; சுருள் முழுவதும் இருட்டாகத்தான் திரும்பும். பூவையோ எறும்பையோ கிட்டப் போய் எடுக்க அது லாயக்கில்லை. அறுபது எழுபது வயதான யந்திரமாதலால் வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை பல: ஷட்டர் துணியில் ஊசித்துளை உண்டா, ஒரு விநாடி என்று வைத்தால் ஒரு விநாடியில் மூடுகிறதா, தூரத்து விளக்கைப் பார்த்தால் இரண்டு உருவங்களும் மேல் கீழாக விலகாமல் பொருந்துகின்றனவா, லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா. இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்த கைகள் நம் பக்கம் வெகு அரிது.

பிலிம் வேறு இருக்கிறது. உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் சுருள் செய்து கொடுத்த காலம் ஒன்று உண்டு. அந்த ஆலை மூடிப்போயிற்று. இப்போது சுருள் கடல் கடந்து வர வேண்டும். நண்பர் விசாரித்த கணக்குப்படி, கழுவும் கூலி சேர்த்து 36 படத்துக்குச் சுமார் 1,450 ரூபாய். அதாவது ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் 40 ரூபாய். அவருடைய மனைவி, "எடுத்தவுடனே படம் தெரியுமா?" என்று கேட்டாராம். தெரியாது என்றதும், "பின்னே எதற்கு இவ்வளவு பணம்?" என்றாராம். இதை அவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு அது நல்ல விமரிசனமாகப் படுகிறது.

பெருமைக்காக வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். 2022-ல் பார்னாக் தாமே வைத்திருந்த காமிரா வெட்ஸ்லாரில் ஏலத்தில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதைக் கொண்டு யாரும் படமெடுக்கப் போவதில்லை. அது பூஜை அறைச் சமாசாரம். நம் ஆசிரியருக்கோ படம் வேண்டும். ஆகவே கேள்வியைச் சற்றுக் கூர்மையாகக் கேட்கலாம்: பிரெஸ்ஸோனுடைய படங்களில் லைக்காவின் பங்கு எவ்வளவு?

ஒரு சின்ன உண்மையைக் கவனியுங்கள். எம்-3 வந்தது 1954-ல். பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தது 1950-ல். பலரும் அவர் பெயரைச் சொல்லி ஆசைப்படுகிற காமிரா அப்போது பிறக்கவே இல்லை. பார்ப்பதற்கு ஒரு ஜன்னல், குறிக்கு ஒரு ஜன்னல் என்றிருந்த பழைய மாதிரிதான் அன்று உண்டு. அந்தப் பழைய அமைப்பைப் பார்த்து சோவியத் நாட்டில் செய்த பெட், சோர்க்கி காமிராக்கள் இன்றும் எம்-3 விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. பிரெஸ்ஸோனுக்கு நெருக்கமான காமிரா வேண்டுமென்றால், அந்த ஏழைப் பங்காளிதான் எம்-3-ஐ விட அவருக்கு நெருக்கம்!

இன்னொன்று. ஏப்ரல் 14 இரவு ரமணர் உடலை நீத்த நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து போனதைப் பிரெஸ்ஸோன் பார்த்தார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8.47. அந்த ஒளி நமக்கு வந்து சேர்ந்திருப்பது அவர் வார்த்தையில்தான். உலகத்தின் சிறந்த படக்காரருக்கும் சொல்லை நம்ப வேண்டிய ஒரு கணம் வந்தது. எழுத்துக்காரனாகிய எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு என்பதை மறைப்பானேன்?

பிரெஸ்ஸோன் விருந்தாளி. ரமணரின் அன்றாடத்தை நமக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டி. என். கிருஷ்ணசாமி என்ற டாக்டர். படமெடுப்பது அவர் பிழைப்பு அல்ல. பக்தராகத் திரும்பத் திரும்ப வந்தார், வந்தபோதெல்லாம் எடுத்தார். விருந்தாளியின் படத்தில் நிகழ்ச்சி இருக்கிறது. வீட்டு மனிதரின் படத்தில் பழக்கம் இருக்கிறது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் உள்ளூரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர் எதைப் பின்பற்றுவது இயல்பு?

ஆசிரியரின் படங்களுக்கு வருகிறேன். பத்து வருஷப் படங்களில் பாதி சாமியார்கள். ஜடை, விபூதி, புகை, பின்னால் மலை. திறமையாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் இந்தப் படங்களை விமானத்தில் வந்து மூன்று நாள் தங்கிப் போகிறவரும் எடுக்கிறார். என்னால் மறக்க முடியாமல் இருப்பது வேறொன்று. பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலை. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. ராஜகோபுரத்தின் அருகே, உடையவர்கள் தேடி வராத செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. துப்புரவுப் பணி செய்யும் அம்மாள் ஒருத்தி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு ஜோடியைக் காலில் போட்டு அளவு பார்க்கிறாள். படம் லேசாக அசைந்திருக்கிறது. 217 அடிக் கோபுரம் வெறும் நிழலாக நிற்கிறது. அந்தப் படத்தை எடுக்க லைக்கா தேவைப்படவில்லை. விடியுமுன் எழுந்து அந்த இடத்தில் நிற்கிற பழக்கம் தேவைப்பட்டது. எம்-3 இருந்திருந்தால் அசைவு குறைந்திருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். அந்த அசைவுக்கு 1,70,000 ரூபாய் மதிப்பா என்பதுதான் வழக்கு.

இன்னொரு சங்கதியும் அவருக்குத் தெரிய வேண்டும். பிரெஸ்ஸோன் இளமையில் ஆந்த்ரே லோட் என்ற ஓவியரிடம் சித்திரம் பயின்றவர். கட்டத்துக்குள் உருவங்களை அடுக்கும் சூட்சுமம் அங்கே கிடைத்தது. 1970-களில் காமிராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பென்சிலுக்கே திரும்பினார். 2004-ல் காலமாகும் வரை வரைவதில்தான் நாட்டம். ஓவிய ஆசிரியர் எந்த வாசல் வழியாக வெளியேறிக் காமிராவைத் தேடுகிறாரோ, அதே வாசல் வழியாகத்தான் பிரெஸ்ஸோன் உள்ளே வந்தார்.

என் தீர்ப்பு இதுதான். இப்போது வாங்க வேண்டாம். கையிலிருக்கும் காமிராவையே வைத்துக்கொண்டு, பௌர்ணமிக்கு 36 படம் என்று ஒரு வருஷம் எடுக்கட்டும். அன்றைக்கே திரையில் பார்க்கக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பார்க்கட்டும். சாமியார்களுக்கு விடுமுறை. வருஷ முடிவில் 432 படம் இருக்கும். 'இந்த மூன்று படம் என் கண்ணில் விழுந்தது, காமிராவால் போயிற்று' என்று இடமும் நேரமும் சொல்ல முடிந்தால், கடன் போட்டு வாங்கட்டும். நானே ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன். இந்த எம்-3 போனாலும் கவலையில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஒன்று அகப்படாமல் போகாது. விடியற்காலையில் செருப்பு அளவு பார்க்கிற அம்மாள்தான் ஒருத்தி.