தினசரி காலண்டர்

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரில் வருடத்துக்குக் கனம் உண்டு. ஜனவரியில் புடைத்து நிற்கும் கட்டு தீபாவளிக்குள் மெலிந்துவிடும். மிச்சம் எவ்வளவு என்று விரலுக்கே தெரியும். கிழித்த தாள் கிழித்ததுதான். (சில வீடுகளில் அது திருநீறு மடிக்கப் போகும்.) ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் வீட்டுக்கே பொதுவாகச் சுவரில் தொங்கும்.

கைபேசிக் காலண்டருக்குத் தடிமன் கிடையாது. அதில் நாள் என்பது தாளல்ல. கேட்கும்போது கணக்குப் போட்டுக் காட்டப்படும் விடை. 'செவ்வாய்தோறும் பாட்டு வகுப்பு' என்பதை அது ஒவ்வொரு செவ்வாயிலும் எழுதிவைப்பதில்லை, ஒரே விதியாக வைத்துக்கொள்கிறது. காலண்டர் மென்பொருள்களுக்கென 1998-இல் வெளியான ஐகேலண்டர் தரநிர்ணயத்திலேயே இந்த ஏற்பாடு உண்டு. முடிவுத் தேதி கொடுக்காவிட்டால் வகுப்பு நூறாண்டு தாண்டியும் ஓடும். அழகான யோசனைதான். ஆனால், "இன்னிக்குத் தாளை யாரும் கிழிக்கலையா?" என்று பாட்டி அதட்ட அதில் வழியில்லை.