பட்டையில் பதநீர்

பங்குனி பிறந்தால் உடன்குடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடக்கக் கூடாது. விடியலிலேயே பைக்கைத் தேரிக்காட்டுச் செம்மணல் ஓரம் நிறுத்திவிட்டுப் பனங்காட்டுக்குள் நடந்தால், மரத்திலிருந்து இறங்குகிற பனையேறியைப் பிடித்துவிடலாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருப்பதால்தான் இறக்கியது கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது. பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார். இரு கையாலும் ஏந்தி உறிஞ்ச வேண்டும். ஓலை வாசம் முதலில் மூக்கில் ஏறும், தித்திப்பு அதன் பிறகுதான். டம்ளரில் குடிப்பது பாவம்!

மிச்சப் பதநீர் அடுப்பில் கொப்பளித்துப் பாகாகி, சிரட்டையில் உறைந்து கருப்பட்டியாகும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பனங்காட்டுப் பயணத்துக்குப் பைக்குக்குப் பதிலாகக் குதிரைச் சவாரி? அந்த ஆசைக்கும் இக்கரையில் வரலாறு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் வடக்கே காயல் துறைமுகத்தில் பாண்டியருக்காக அரபுக் குதிரைகள் வந்திறங்கின. பேணத் தெரியாததால் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போயின என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். நமக்குப் பைக் போதும். மணப்பாட்டு மணற்குன்று வரை போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.