அழைத்து வந்த நாடும் தங்கவைத்த நாடும்

களுவாஞ்சிக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள எருவில் பற்று ஊர்களிலும் உயர்தரம் முடித்த பிள்ளைக்கு இந்தியா ஒரு பழைய வழி. இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து போனால், அல்லது விரும்பிய துறை இங்கே இல்லையென்றால், இந்தியத் தூதரகம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரு நினைவுப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், கணினித் துறைக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் என்ற பெயர்கள் இங்கே பல வீடுகளுக்குப் பழக்கம். இந்தப் பாதையில் எங்களுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டவர். பின்னர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். படிப்பதற்கும் படிப்பிப்பதற்கும் கடல் கடப்பது மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் அந்தக் கடலின் இரு கரைகளும் மூடப்பட்டன. 19 ஆம் திகதி இலங்கை உள்வரும் விமானங்களை நிறுத்தியது. 22 ஆம் திகதி இந்தியா தன் வான்வழியை அடைத்தது. இந்தியாவில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்களோ அங்கேயே நின்றுபோனார்கள். பிறநாட்டில் படிக்கும் மாணவரை இருக்குமிடத்திலேயே வைத்துக் காப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு இரண்டு அரசுகளும் வெவ்வேறு விடை கொடுத்தன.

இந்தியா தங்கவைத்தது. கல்லூரிகள் மூடப்பட்டபோது, விடுதியில் இன்னும் இருப்பவர்களை, குறிப்பாக வெளிநாட்டு மாணவர்களை, வெளியேற்றாமல் தொடர்ந்து இருக்கவிடுமாறு மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அறிவுறுத்தியது. விமானம் இல்லாமல் சிக்கியவர்களின் விசா கட்டணமின்றி நீடிக்கப்படும் என்று உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. விசா முடிந்துவிடுமே என்ற பயம் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையை எப்படி அரிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு ஆணையின் அருமை விளங்கும். நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் விடுதிக் கதவு திறந்திருப்பது ஒன்று, மெஸ் நடப்பது வேறு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு தளத்தில் நாலைந்து பேர் மட்டும் மிஞ்சிய விடுதியில் சாப்பாடும் மருந்தும் மன ஆறுதலும் அந்தந்தக் கல்லூரியின் நல்ல மனதைப் பொறுத்தே கிடைத்தன.

இலங்கை அழைத்து வந்தது. அதற்கான ஒத்திகை பெப்ரவரி 1 ஆம் திகதியே நடந்துவிட்டது. வூஹானில் இருந்த 33 மாணவர்களைச் சிறப்பு விமானம் மத்தளைக்குக் கொண்டுவந்தது. தியத்தலாவை இராணுவ முகாமில் தனிமைப்படுத்தி, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே நாட்களில் இந்தியாவும் வூஹானிலிருந்து இரண்டு விமானங்களில் தன் மக்கள் 647 பேரையும், கூடவே மாலைதீவினர் 7 பேரையும் மீட்டது. அதுவரை இரு நாடுகளும் ஒரே வேகத்தில்தான் நடந்தன. வேறுபாடு ஏப்ரலில் தெரிந்தது. இலங்கை ஏப்ரல் 21 ஆம் திகதி பாகிஸ்தானில் படித்தவர்களையும், 23 ஆம் திகதி அமிர்தசரஸிலிருந்து 101 மாணவர்களையும் கொண்டுவந்தது. கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் இருந்தவர்களுக்கும் அடுத்தடுத்து விமானம் போனது. வெளிநாடுகளில் நின்ற தன் மக்களுக்காக இந்தியா 'வந்தே பாரத்' திட்டத்தைத் தொடங்கியது மே 7 ஆம் திகதிதான். இலட்சக்கணக்கானவர்களைச் சுமக்க வேண்டிய நாட்டோடு சிறு நாட்டை இந்த விடயத்தில் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. ஆனால் மாணவரை முதல் வரிசையில் வைத்த முடிவு இலங்கையின் முடிவுதான். அந்த வரிசையின் கடைசியில் வளைகுடாவில் வேலை செய்த எங்கள் பெண்கள் மாதக்கணக்கில் நின்றார்கள் என்பதையும் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறவன் சொல்லாமல் விட முடியாது.

எதிர்த் திசையில் சொல்லக் குறைவு. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவிலிருந்து எடுக்கும் மாணவர் தொகை சிறியது. கொழும்பில் சிக்கியிருந்த இந்தியர்களை ஜூன் 1 ஆம் திகதி 'ஜலாஷ்வா' என்ற கடற்படைக் கப்பல் ஏற்றிக்கொண்டு மறுநாள் தூத்துக்குடியில் இறக்கியது. பழைய தோணிப் பாதை ஒருமுறை உயிர்பெற்றதாகவே எனக்குப் பட்டது.

திரும்பி வந்தவர்களைத் தனிமைப்படுத்திய விதமும் வேறு வேறு. இலங்கையில் அந்தக் காலத்தில் பொறுப்பு இராணுவத்திடம் இருந்தது. படுக்கையும் உணவும் இலவசம். மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானையில் பல்கலைக்கழகத்துக்கென்று கட்டப்பட்ட பெரிய கட்டடத் தொகுதிக்குள் மார்ச் 10 ஆம் திகதி முதல் இத்தாலியிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். வகுப்பு நடக்கவேண்டிய மண்டபங்கள் தனிமைப்படுத்தல் விடுதியாயின. முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கிராம உத்தியோகத்தரும் படலைக்கு வந்து பார்ப்பார்கள். இந்தியாவில் 'வந்தே பாரத்' பயணி விமானக் கட்டணத்தைத் தானே கொடுத்தார், நிறுவனத் தனிமைப்படுத்தலுக்கும் பெரும்பாலும் தானே கொடுத்தார். கடன் வாங்கிப் படிக்கப் போன பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால் இலங்கை முறையே மேல் என்பேன். சீருடைக்காரர் நடத்திய முகாம்களை நினைத்தால் எங்கள் பகுதிப் பெற்றோருக்கு வரும் பழைய பயத்தையும் அதோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் யாரும் யோசிக்காத சிக்கல் தொடங்கியது. உடம்பு களுவாஞ்சிக்குடியில், படிப்பு இந்தியாவில்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு 'லேர்ன்' எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு ஸூம் வசதியைக் கொடுத்தது. 2020 இன் முதல் மாதங்களில் அதன் வழியாக வகுப்புக்குப் போகிற மாணவருக்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாவுக்குக் காசு எடுக்கவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளை வந்தாறுமூலைக்குப் போகாமல், வீட்டுத் திண்ணையில் இருந்தே செலவில்லாமல் விரிவுரை கேட்டது. என் கணிப்பில் அந்தக் காலத்தில் இலங்கை செய்த மிக நல்ல காரியங்களுள் அது ஒன்று. தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான உதவி 2021 ஜனவரியில்தான் வந்தது. 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் டேட்டா கார்டை மாநில அரசு அறிவித்தது. தாமதமான உதவிதான், ஆனாலும் ஏழைப் பிள்ளையை நினைத்துச் செய்தது.

இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் பதிந்து, விமானம் ஏறி வந்து, பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், படுவான்கரையில் உள்ள பழுகாமத்தில் வீட்டில் இருக்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவளுடைய கல்லூரி 'லேர்ன்' வலையமைப்பில் இல்லை, ஆகவே இலவச வழி அவளுக்குத் திறக்காது. தமிழ்நாட்டு அரசின் டேட்டா கார்டு இந்திய சிம்முக்கானது, ஆகவே படுவான்கரையில் அது வெறும் அட்டை. இரண்டு நல்ல திட்டங்களும் அவளுடைய இரு பக்கத்தாலும் விலகிப் போயின. அப்பா போடும் ரீலோட் காசில்தான் வகுப்பு நடக்கும். படுவான்கரையில் சிக்னல் தேடி வயல் வரம்புக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரேயொரு வசதி, இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்று. காலை ஒன்பது மணி வகுப்பு இங்கேயும் ஒன்பது மணிதான். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பதிந்திருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

நடனமும் சங்கீதமும் படிக்கப் போனவர்களின் பாடு இன்னும் கடினம். மட்டக்களப்பில் இது சிறிய விடயமல்ல. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிற இடம் இது. அங்கே படிப்பிக்கிறவர்களில் தமிழ்நாட்டில் பயின்று வந்தோர் உண்டு. குரு தட்டுக்கழியில் தட்டுவது திரைக்கு வந்து சேர அரை நொடி பிந்தினால் போதும், சொல்லுக்கட்டும் காலும் பிரிந்துவிடும். மிருதங்கத்தோடு சேர்ந்து பாடுவது ஸூமில் நடக்காது. ஆகவே குரு பதிவு செய்து அனுப்புவார், பிள்ளை ஆடிப் பதிவு செய்து திருப்பி அனுப்பும். முத்திரை திருத்தலாம், அரைமண்டியின் உயரத்தை ஓரளவு சொல்லலாம். அடவு மாறும் கணத்தில் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவது என்பது போய்விட்டது. அந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்கு அரங்கில் ஒரு தயக்கம் இருந்தால் அதற்காக அவர்களைக் குறை சொல்லக்கூடாது.

பரீட்சையில் இந்தியா உறுதியாக நின்றது. இறுதியாண்டுத் தேர்வுகளை 2020 செப்டெம்பருக்குள் நடத்தவேண்டும் என்று அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு ஜூலையில் சொன்னது. ஓகஸ்ட் 28 ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை என்ற நிலையை ஏற்றது. ஆனால் இணையவழியிலும் எழுதலாம் என்று இடம் விட்டது எங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. அக்டோபர் 22 ஆம் திகதி சுற்றுலா தவிர்ந்த பெரும்பாலான விசாக்களை இந்தியா மீண்டும் செல்லுபடியாக்கியது. ஏழே மாதத்தில் மாணவருக்குச் சட்டப்படி கதவு திறந்துவிட்டது. சீனாவில் மருத்துவம் படித்த இந்தியர்களும் இலங்கையரும் 2022 வரை வெளியில் நின்றதை இதோடு வைத்துப் பார்த்தால் அந்த முடிவின் மதிப்புத் தெரியும். 2021 மே மாதம் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது இலங்கை தன் கதவை மூடியது. சுகாதாரக் காரணம் சரியானதே. ஆனால் அந்த வேளை தேர்வு முடித்து வரக் காத்திருந்த பிள்ளைக்குத் தகவல் சொல்ல ஒரு பொறுப்பான ஆளை இரு பக்கமும் நியமித்திருக்கவில்லை.

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான விமானம் 2022 டிசெம்பரில் மீண்டும் பறந்தது. விண்ணப்பப் படிவங்களும் திரும்பி வந்துவிட்டன. இனிப் புலமைப்பரிசில் கடிதத்தோடு ஒரு பக்கம் கூட வேண்டும். வழி அடைபட்டால் டேட்டாச் செலவு யாருடையது, தேர்வை எந்த ஊரில் எழுதலாம், பெற்றோர் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்ற மூன்றையும் அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகத்தின் வினாத்தாளை வந்தாறுமூலையில் ஒரு மண்டபத்தில், கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் மேற்பார்வையில் எழுதவிட முடியும். செய்முறைப் பாடத்துக்கு அங்குள்ள ஆய்வுகூடத்தையும், நடனத்துக்குக் கல்லடி அரங்கையும் சில வாரம் திறந்துகொடுக்க முடியும். கல்லடியிலும் வந்தாறுமூலையிலும் இருக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். தூதரகம் அடுத்த விண்ணப்பத்தை அழைப்பதற்கு முன்னரே கேட்க வேண்டும்.